கரும்புத் தோட்டத்து மண்பாதைக்கு ஒரு ரிஜிட் சைக்கிள்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களின் செம்மண் பாதைகளிலோ, ஹாவிக் அருகிலுள்ள கார்க்ளூஃப் காட்டுத் தடங்களிலோ ஓட்டுவதற்காக முதன்முதலில் சைக்கிள் தேடும் நம்மவர்களில் பெரும்பாலோர், கடைக்குள் நுழைந்ததும் வண்டியின் முன்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்க்கிறார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க் உள்ளே இறங்கி மேலே எழுந்தால் நல்ல வண்டி என்றும், அசையாமல் நின்றால் மலிவு வண்டி என்றும் முடிவு செய்துவிடுகிறார்கள். குறைந்த பணத்தில் நீண்ட நாள் உழைக்கும் வண்டி வேண்டும் என்பவருக்கு இந்தச் சோதனை தவறான வழியைக் காட்டுகிறது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், அதாவது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அமைப்பு, இல்லாத ரிஜிட் சைக்கிள், அகலமான டயரும் நல்ல சக்கரமும் நம்பகமான பிரேக்கும் இருந்தால், அதே விலைக்குக் கிடைக்கும் ஸ்பிரிங் வண்டியைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். அதைத் தேர்வு செய்யும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

மலிவான வண்டிகளில் வரும் சுருள் ஸ்பிரிங் ஃபோர்க் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையுள்ளது. உருக்கில் செய்த ரிஜிட் ஃபோர்க் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். எடை இரண்டாம்பட்சம்தான். மலிவு ஃபோர்க்கின் உள்ளே சறுக்கிச் செல்லும் குழாய்கள் பெரும்பாலும் மெல்லிய முலாம் பூசிய உருக்கு. டர்பன் கடற்கரைக் காற்றின் உப்பும் கோடை மழையின் சேறும் அந்த முலாமில் புள்ளி புள்ளியாகத் துருவை ஏற்படுத்துகின்றன, அந்தத் துரு ரப்பர் சீலை அறுக்கிறது, சீல் போனதும் மண் உள்ளே போகிறது. பிறகு ஃபோர்க் பாதி வழியில் இறுகிக்கொள்ளும் அல்லது லொடலொடவென்று ஆடத் தொடங்கும். பிரித்துப் பழுதுபார்க்க உதிரி கிடைக்காத அமைப்பு என்றால் முழு ஃபோர்க்கையும் மாற்ற வேண்டியதுதான். ரிஜிட் ஃபோர்க்கில் தேய்வதற்கு எதுவும் இல்லை.

முதல் படி: எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கரும்புத் தோட்டப் பாதை, சரளைச் சாலை, தோப்புக்குள் வளைந்து செல்லும் ஒற்றையடித் தடம், மெதுவாக ஏறி இறங்கும் குன்றுகள் ஆகியவற்றுக்கு ரிஜிட் வண்டி மிகவும் பொருத்தமானது. ஹிமவில்லில் தொடங்கிக் கடற்கரையில் ஸ்காட்பர்க் வரை மூன்று நாள் நடக்கும் சானி2சி போன்ற நெடும் ஓட்டங்களையும் பழகியவர்கள் இதில் முடிக்க முடியும். 2013இல் உலக மலைச் சைக்கிள் போட்டிகள் நடந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் கேஸ்கேட்ஸ் பூங்காவின் செங்குத்தான இறக்கத் தடங்களில் வேகமாக இறங்குவதே உங்கள் ஆசை என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அதற்கு நல்ல சஸ்பென்ஷன் வேண்டும், அதற்கான பணமும் வேண்டும்.

கரும்புத் தோட்டங்கள் பெரும்பாலும் தனியார் நிலம் என்பதையும் மறக்கக் கூடாது. பாலிட்டோ பக்கத்து ஹோல்லா டிரெய்ல்ஸ் போல அனுமதிச் சீட்டு வாங்கி ஓட்டக்கூடிய இடங்களில் தொடங்குவது நல்லது. வெட்டுப் பருவத்தில் கரும்பு லாரிகள் அந்தக் குறுகிய பாதைகளில் வந்துகொண்டே இருக்கும். உயர்ந்து நிற்கும் கரும்புக்கு நடுவே வளைவில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாம் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது. 10,000 ரேண்ட் ஒதுக்கியிருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கையாவது டயர், பஞ்சர் துளையை அடைக்கும் திரவமான சீலன்ட், தலைக்கவசம், காற்றுப் பம்பு, சில கருவிகள் ஆகியவற்றுக்கு எடுத்து வைக்க வேண்டும். மீதித் தொகையில் புதிய மலிவு வண்டி வாங்குவதா, பழைய நல்ல வண்டி வாங்குவதா என்ற கேள்வி எழும். என் கருத்தில் தென்னாப்பிரிக்காவில் இதற்கு விடை தெளிவானது. 2004இல் கேப் எபிக் என்ற பல நாள் மலைச் சைக்கிள் பந்தயம் தொடங்கிய பிறகு மலைச் சைக்கிள் மோகம் நாடெங்கும் பரவியது. அதில் ஈடுபட்டவர்கள் ஒவ்வொரு முறை புதிய வண்டிக்கு மாறும்போதும், பின்பக்கச் சஸ்பென்ஷன் இல்லாத, 29 அங்குலச் சக்கரமுள்ள அலுமினிய வண்டிகள் கைமாற்றுச் சந்தைக்கு வருகின்றன. ஃபோர்க் கெட்டுப்போனது என்பதற்காகவே விலை இறங்கிய வண்டிகள் அவற்றில் பல உண்டு. ஃபிரேமும் சக்கரமும் நன்றாக இருக்கும் அப்படி ஒரு வண்டியை வாங்கி, கெட்ட ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு ரிஜிட் ஃபோர்க் போடுவதே மிகச் சிக்கனமான வழி.

கடையிலேயே ரிஜிட்டாக வரும் உருக்கு வண்டிகளும் உண்டு. அமெரிக்க நிறுவனமான சர்லியின் கராத்தே மங்கி இவ்வகையில் பெயர் பெற்றது. அவை இறக்குமதி என்பதால் நம் கணக்கில் அடங்குவது அரிது. டைட்டன், அவலாஞ்ச், மாம்சன் போன்ற தென்னாப்பிரிக்கப் பெயர்களில் வந்த வண்டிகளைக் கைமாற்றில் தேடுவது எளிது.

மூன்றாம் படி: ஃபிரேம்

குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) உருக்கு, அலுமினியம், சாதாரண உருக்கு ஆகிய மூன்றில் குரோமோலி முதல் இடம் பெறுகிறது. வளைந்தால் நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் மெல்லிய குழாயைப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். அலுமினியம் துருப்பிடித்து உருக்குலையாது, விலையும் குறைவு. ஆயினும் அது நாளடைவில் உலோகச் சோர்வால் விரிசல் விடும், விட்டபின் பற்றவைத்து நம்பி ஓட்ட முடியாது. சாதாரண உருக்கு கனமானது, உறுதியில் குறையில்லை. பழைய கார்பன் ஃபிரேமை முதல் வண்டியாக வாங்க வேண்டாம். அதன் உள்காயத்தைப் புதியவர் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

ஃபிரேமில் நான்கு இடங்களைப் பாருங்கள். பின் டயருக்கு இரு பக்கமும் ஆறு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைக்குப் பின் களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் சுழலாது. பெடல் அச்சு அமரும் கூடு மரையிட்டதாக இருந்தால் நல்லது. அழுத்திப் பொருத்தும் வகை சேற்றில் கிறீச்சிடத் தொடங்கும், அதை மாற்றத் தனிக் கருவியும் வேண்டும். கியர் மாற்றி தொங்கும் கொக்கி அலுமினிய ஃபிரேமில் தனித் துண்டாக இருக்கும்; அது ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால், உபரியாக ஒன்று கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கடைசியாக, ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன் குழாயின் அளவு: 34 மில்லிமீட்டர் நேர்க்குழாயா, 44 மில்லிமீட்டரா, கீழே அகன்றதா என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் போடப்போகும் ஃபோர்க் அமைகிறது.

நான்காம் படி: ஃபோர்க்கின் உயரம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். சக்கர அச்சின் நடுவிலிருந்து ஃபோர்க்கின் தோள் வரை, அதாவது கீழ் பேரிங் உட்காரும் இடம் வரை உள்ள நீளம்தான் முக்கியமான அளவு. நூறு மில்லிமீட்டர் அமுங்கும் 29 அங்குலச் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் இந்த நீளம் ஐந்நூறு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அது இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் இறங்கிவிடும். ஆகவே 480 முதல் 490 வரையுள்ள ரிஜிட் ஃபோர்க் போட்டால் வண்டியின் நடை பழையபடியே இருக்கும். இருபது மில்லிமீட்டர் குறைந்தால் முன் குழாயின் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை நிமிர்ந்துவிடும். ஹேண்டில்பார் படபடக்கும், பெடல் தரைக்கு நெருங்கிக் கல்லில் இடிக்கும். கடையில் இருக்கிறதே என்று சாலைச் சைக்கிளின் குட்டையான ஃபோர்க்கை மாட்டிக்கொண்டு வருவோர் இறக்கத்தில் முன்பக்கமாகத் தூக்கி எறியப்படும் ஆபத்து இதனால்தான்.

1990களின் 26 அங்குல உருக்கு வண்டிகளில் பல, ரிஜிட் ஃபோர்க்குடனேயே வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் ஃபோர்க் ஏறத்தாழ நானூறு மில்லிமீட்டர்தான். அதற்கு உயரமான ஃபோர்க்கைப் போடுவதும் தவறு; அதற்குரியதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய வண்டி நல்ல நிலையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்க வேண்டாம். ஒரே குறை, 26 அங்குல நல்ல டயர்களின் வகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது.

ஐந்தாம் படி: சக்கரமும் டயரும்

ரிஜிட் வண்டியில் டயர்தான் சஸ்பென்ஷன். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம். 29 அங்குலச் சக்கரத்துக்கு 2.4 அங்குல அகலமுள்ள டயர் ஏற்றது. ஃபோர்க் இடம் கொடுத்தால் முன்னால் 2.6 போடலாம். ரிம்மின் உள் அகலம் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருந்தால் அகல டயர் வளைவில் புரளாமல் நிற்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் 32 ஸ்போக்குகளும் இரட்டைச் சுவர் ரிம்மும் இருக்கட்டும். டயர் வாங்கும்போது அதன் பக்கச் சுவரில் அச்சிட்ட 622, 584, 559 என்ற எண்களைப் பாருங்கள். அவை முறையே 29, 27.5, 26 அங்குலச் சக்கரங்களுக்கு உரியவை, இந்த எண்ணை வைத்து வாங்கினால் அளவு மாறிப்போகாது.

பின் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் ஒரு சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். பற்சக்கரத் தொகுதியைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள். மிகச் சிறிய பற்சக்கரத்தின் நடுவே கருவி மாட்டும் வளையம் பற்சக்கரங்களோடு சேர்ந்து சுழன்றால் அது கேசட். வளையம் அசையாமல் நின்று பற்கள் மட்டும் சுழன்றால் ஃபிரீவீல். ஃபிரீவீல் வகை ஹப்பில் வலப்பக்க பேரிங் அச்சின் முனையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி அமைந்திருப்பதால், கல்லில் குதிக்கும்போது அச்சு வளையும், சில சமயம் முறியும். ஏழு கியர் வரையுள்ள மலிவு வண்டிகளில் பெரும்பாலும் இதுவே இருக்கும். கேசட் உள்ள வண்டியாகவே வாங்குங்கள்.

முள்ளைப் பற்றி நம் பகுதியில் தனியாகவே சொல்லியாக வேண்டும். இங்கே பாதையோரம் படரும் நெருஞ்சி தமிழ்நாட்டு நெருஞ்சிதான். அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். டியூப் போட்டு ஓட்டினால் ஒரு காலைப் பொழுதில் இரண்டு மூன்று பஞ்சர் வருவது சாதாரணம். டியூப் இல்லாத டயரில் சீலன்ட் ஊற்றி ஓட்டினால் முள் குத்திய துளையைத் திரவமே அடைத்துவிடும். 29 அங்குல டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லி தேவைப்படும். நேட்டால் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்து படலமாகிவிடும். டயரைக் காதருகே வைத்துக் குலுக்கும்போது சளசளவென்ற ஓசை கேட்கவில்லை என்றால் மீண்டும் ஊற்ற வேண்டும். டயரில் குத்தி நிற்கும் முள்ளைத் தோட்டத்து நடுவில் பிடுங்காதீர்கள். வீட்டுக்கு வந்து, பிடுங்கிய கையோடு துளையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிச் சிறிது நேரம் வைத்தால் திரவம் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளும்.

காற்றழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். எழுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் டியூப் இல்லாத 2.4 அங்குல டயரில் முன்னால் 18 முதல் 20, பின்னால் 20 முதல் 23 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். டியூப் இருந்தால் நான்கைந்து கூட்டிக்கொள்ளுங்கள். ரிம் கல்லில் இடிக்கும் ஓசை கேட்டால் ஒன்று கூட்டுங்கள், கை மரத்துப்போனால் ஒன்று குறையுங்கள். பெட்ரோல் பங்கில் முப்பத்தைந்து, நாற்பது என்று அடித்துக்கொண்டு போய், ரிஜிட் வண்டி எலும்பை உடைக்கிறது என்று சொல்பவர்கள் பலர். அந்த வலிக்குக் காரணம் ஃபோர்க் இல்லை, காற்று.

ஆறாம் படி: பிரேக்கும் கியரும்

திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இப்போது எளிய வண்டிகளிலும் வருகிறது. ஷிமானோவின் அடிப்படை வகையே போதுமானது. ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளில் மினரல் ஆயில் ஊற்ற வேண்டும். வேறு சில நிறுவனங்களின் பிரேக்குகள் கார் பிரேக்கில் ஊற்றும் டாட் (DOT) திரவம் கேட்பவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் கெட்டு பிரேக் செயலிழக்கும். மலிவு டிஸ்க்குகளில் ‘ரெசின் பேட் ஒன்லி’ (பிசின் கலந்த பிரேக் கட்டை மட்டும்) என்று பொறித்திருக்கும். கோடைச் சேற்றில் ரெசின் பேட் விரைவில் கரைந்துவிடும். உலோகப் பேட் போட வேண்டுமானால் டிஸ்க்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய 26 அங்குல வண்டியில் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் இருந்தால் அதை வெறுக்க வேண்டாம், வறண்ட பாதைக்கு அது நன்றாகவே பிடிக்கும்.

கியரில் எளிமையே நல்லது. முன்னால் 30 அல்லது 32 பல்லுள்ள ஒரே சக்கரம், பின்னால் ஒன்பது அல்லது பத்து வேகம், பெரிய பற்சக்கரம் 42 பல்: குன்று ஏற இது போதும், உதிரிகளும் மலிவு. பன்னிரண்டு வேகச் செயினும் கேசட்டும் தேய்ந்தபின் மாற்றும் செலவு புதியவரைத் திணறச் செய்யும்.

ஏழாம் படி: உடலுக்குப் பொருத்தம்

வண்டியின் மேல்குழாய்க்கு இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் குழாய்க்கும் கவட்டுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டராவது இடைவெளி தேவை. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். ஹேண்டில்பார் 720 முதல் 760 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் ரிஜிட் முன்பக்கத்தைக் கட்டுப்படுத்துவது எளிது. 27.2 மில்லிமீட்டர் மெல்லிய சீட் தண்டு சிறிது வளைந்து கொடுப்பதால் இடுப்புக்கு இதம். அண்ணன் ஓட்டிய வண்டி அளவில் பெரிதாக இருந்தாலும் தம்பிக்குப் பழகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். மேடுபள்ளத்தில் அளவு மீறிய வண்டியை அடக்க முடியாது. அதை ஏற்க வேண்டாம்.

எட்டாம் படி: பழைய வண்டியைச் சோதிப்பது

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வண்டியைத் துடைக்க ஒரு துணியும், ஒரு சிறு டார்ச்சும், அடிஸ்கேலும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் பற்றவைப்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை போன்ற கோடு குறுக்கே ஓடினாலோ, அந்தக் கோட்டின் ஓரத்தில் பழுப்புக் கசிவு தெரிந்தாலோ அது விரிசல். வேறு எதையும் பார்க்காமல் நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள். சீட் தண்டைக் கழற்றச் சொல்லுங்கள். உருக்குக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு உப்புக்காற்றில் ஒட்டிப்போய் அசையாமல் இருப்பது மெரிபேங்க் போன்ற கடற்கரையோரப் பகுதி வண்டிகளில் சகஜம். அது அசையவில்லை என்றால் உயரத்தை ஒருபோதும் மாற்ற முடியாது.

சக்கரத்தைச் சுழற்றி ரிம் இடவலமாக ஆடுகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் கோட்டம் எடுத்துச் சரிசெய்யலாம். ஸ்போக்குகளை இரண்டிரண்டாக அமுக்கினால் ஒரே இறுக்கம் தெரிய வேண்டும். சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது டொக் என்று சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. விலையைக் குறைக்கக் கேட்கலாம். செயினில் அடிஸ்கேலை வைத்து ஒரு முளையின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது, எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் கேசட்டும் சேர்ந்தே போயிருக்கும்.

பெடல் அச்சுக் கூட்டின் அடியில் பொறித்த வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, விற்பவர் ரசீதோ அடையாள அட்டையோ காட்ட மறுத்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். திருட்டு வண்டியை வாங்கினால் பணமும் போகும், காவல் நிலையமும் ஏற வேண்டும். வாங்கியபின் விற்றவரின் பெயர், தேதி, வரிசை எண் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் சில வாரங்கள்

புதிதாகப் பூட்டிய ஃபோர்க்கின் மேல் மூடியும் ஹேண்டில்பார் திருகுகளும் முதல் இரண்டு மூன்று ஓட்டங்களில் சற்றே தளரும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். முன் குழாயில் விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். தெரிந்தால் பக்கத் திருகுகளைத் தளர்த்தி, மேல் மூடியைச் சிறிது இறுக்கி, மீண்டும் பக்கத் திருகுகளைப் பூட்டுங்கள். ஸ்போக்குகளும் இந்த நாட்களில்தான் தளர்ந்து அமரும். ஒரு மாதத்துக்குள் கோட்டம் எடுக்கக் கடைக்குக் கொண்டுபோங்கள். பெடலைக் கழற்றும்போது இடப்பக்க மரை எதிர்த்திசை என்பதை நினைவில் வையுங்கள்.

ஓட்டும்போது மேடுபள்ளம் வந்தால் சீட்டை விட்டு எழுந்து, இரு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்கையையும் முழங்காலையும் மடக்கி நில்லுங்கள். ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்காமல் ஒரு விரலைப் பிரேக்கில் வைத்தால் போதும்.

சேற்றில் ஓட்டி வந்த அன்றே குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். உயர் அழுத்தப் பம்பைப் பேரிங் பக்கம் காட்ட வேண்டாம், கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே தங்கிவிடும். செயினைத் துடைத்து உலர்த்தி ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்தெடுங்கள். உருக்கு ஃபிரேம் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்கும் அக்டோபர் வாக்கில், சீட் தண்டைக் கழற்றிக் குழாயின் உட்புறத்தில் துருத்தடுப்பு எண்ணெய் தெளித்து, வண்டியை ஓர் இரவு சாய்த்து வையுங்கள். தண்டில் கிரீஸ் தடவி மீண்டும் பொருத்துங்கள்.